நிகழ்ச்சி நேரத்தை மனிதருக்கும் கணினிக்கும் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சி அட்டவணைகளை வலைப்பக்கத்தில் இடுவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பிரிட்டனைச் சேர்ந்தவை. பிபிசி தன் நிகழ்ச்சிப் பக்கங்களில் இந்தச் சிக்கலை வெளிப்படையாகவே எதிர்கொண்டது. அந்நாட்டுக் கடிகாரமும் ஆண்டுக்கு இருமுறை மாற்றி வைக்கப்படுவதால், தவறக்கூடியவை அனைத்தும் அங்கே தவறிப் பார்க்கக் கிடைக்கின்றன. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் குறிச்சொற்களின் பெயர்கள் ஒலிப்படி தமிழில் எழுதப்பட்டுள்ளன. உறுப்பு என்பது குறிச்சொல்லால் அமையும் பக்கத் துண்டு, பண்பு என்பது அந்தக் குறிச்சொல்லுக்குள் எழுதும் கூடுதல் தகவல்.

பக்கத்தில் நேரம் தெளிவாக இருக்கும்போது, கணினிக்கென்று அதையே மறுபடி ஏன் எழுத வேண்டும்?

“சனி இரவு 7.30” என்று படிக்கும் நேயர், அது எந்தச் சனிக்கிழமை, எந்த ஊர் நேரம் என்பதைச் சூழலிலிருந்தே தெரிந்துகொள்கிறார். தலைப்பில் வாரம் குறிக்கப்பட்டிருக்கும். நிலையத்தின் பெயரைப் பார்த்தாலே லண்டன் நேரம் என்று விளங்கும். அந்தப் பக்கத்தைப் படித்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளும் செயலிக்கோ, தேடுபொறிக்கோ, குறித்த வேளையில் பதிவைத் தொடங்க வேண்டிய கருவிக்கோ அந்தச் சூழல் கிடையாது. 06/07/2025 என்பது பிரிட்டனில் ஜூலை 6, அமெரிக்காவில் ஜூன் 7. ஆகவே ஒரே நேரத்தை இரண்டு வடிவங்களில் எழுதுகிறோம்: படிப்பவருக்குப் பழகிய சொற்களில் ஒன்று, ஐஎஸ்ஓ 8601 என்னும் பன்னாட்டுத் தரத்தை ஒட்டி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஒன்று.

வடிவம் இரண்டானாலும் மூலம் ஒன்றாகவே இருக்க வேண்டும். தரவுத்தளத்தில் உள்ள ஒரே மதிப்பிலிருந்து இரண்டையும் நிரல் உருவாக்கித் தரட்டும். தனித்தனியாகத் தட்டச்சு செய்தால், நிகழ்ச்சி அரை மணி தள்ளிப்போகும் முதல் நாளிலேயே ஒன்று திருத்தப்பட்டு மற்றது விடுபட்டுப்போகும். விடுபடுவது எப்போதும் கண்ணுக்குத் தெரியாத வடிவம்தான்.

பிபிசி 2008இல் தன் பக்கங்களிலிருந்து ஹெச்கேலண்டரை ஏன் நீக்கியது?

ஹெச்கேலண்டர் என்பது, நாட்காட்டிச் செயலிகள் பயன்படுத்தும் ஐகேலண்டர் வடிவத்தின் பெயர்களை அப்படியே ஹெச்டிஎம்எல் பக்கத்துக்குள் கொண்டுவந்த ஒரு நுண்வடிவம், அதாவது பக்கத்தில் உள்ள தகவலைக் கணினிக்கு அடையாளம் காட்டும் சிறு எழுத்துமுறை. நிகழ்வுக்கு ஒரு வகுப்புப் பெயர், தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என்று இருக்கும். நேரத்தைப் பொறுத்தவரை அது ஒரு குறுக்குவழியைக் கையாண்டது. சுருக்கெழுத்தின் விரிவைத் தருவதற்காக ஹெச்டிஎம்எல்லில் இருக்கும் ‘ஏபிபிஆர்’ உறுப்பை எடுத்து, உள்ளே “இரவு 7.30” என்பது போன்ற உரையை வைத்து, விரிவுக்கான ‘டைட்டில்’ பண்பில் கணினி வடிவத்தை வைத்தது. அதாவது, 7.30 என்பது சுருக்கம், 2008-06-23 19:30:00+01:00 என்பது அதன் விரிவு என்று பக்கம் அறிவித்தது.

டைட்டில் என்பது மனிதருக்கான இடம் என்பதை அந்த வழி மறந்தது. சுருக்கெழுத்தை விரித்து வாசிக்கும்படி திரைவாசிப்பானை அமைத்திருந்த பார்வையற்ற ஒருவருக்கு, ஏழரை மணி என்று கேட்க வேண்டிய இடத்தில் இலக்கமும் கோடும் கூட்டல் குறியுமாக ஒரு நீண்ட சரம் ஒலித்தது. ஓர் அட்டவணைப் பக்கத்தில் ஒருமுறை அல்ல, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அப்படி. சுட்டியை நேரத்தின்மீது கொண்டுசென்ற மற்றவர்களுக்கும் அதே சரம் சிறு பெட்டியாக எழுந்து நின்றது. வாசிப்பதிலும் புரிந்துகொள்வதிலும் இடர்ப்படுவோருக்கு அது வீண் குழப்பம். மாற்றுத்திறனாளிகளும் வலைப்பக்கங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுக்கத்தன்மை வல்லுநர்கள் 2007இலேயே இதை எடுத்துக்காட்டியிருந்தார்கள். 2008 ஜூனில், இது தீரும்வரை ஹெச்கேலண்டரைத் தன் நிகழ்ச்சிப் பக்கங்களிலிருந்து நீக்குவதாகப் பிபிசி அறிவித்தது. மனிதர் படிக்க இயலாத உரையைச் சுருக்கெழுத்தின் விரிவாக வைப்பதைத் தன் உள்விதிகளிலும் தடுத்தது. பக்கத்துக்குள் கணினிக்கான தரவை எழுத உதவும் ஆர்டிஎஃப்ஏ போன்ற வேறு வழிகளை ஆராய்வதாகவும் கூறியது.

தேடுபொறிகளுக்கும் செயலிகளுக்கும் பயன்படும் ஒன்றை, பார்வையற்ற நேயர்களின் பொருட்டு ஒரு பெரிய நிறுவனம் விலக்கிக்கொண்டது அன்று பலருக்கு வியப்பளித்தது. எனக்கு அது முற்றிலும் சரியான முடிவாகவே தோன்றுகிறது. அட்டவணை முதலில் நேயருக்கானது.

அதன்பின் என்ன தீர்வு வந்தது?

நுண்வடிவக் குழுவினர், தேதியையும் நேரத்தையும் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, காதில் விழுந்தாலும் பொருள்படும் வடிவில் வைக்கும் ஒரு மாற்று முறையை வகுத்தார்கள். ஆனால் நிலைத்த தீர்வு ஹெச்டிஎம்எல் 5இன் ‘டைம்’ உறுப்பு. உள்ளே மனிதர் படிக்கும் உரை இருக்கும். ‘டேட்டைம்’ என்னும் பண்பில் கணினி வடிவம் இருக்கும். அந்தப் பண்பு கணினிக்கென்றே உண்டானதால், உலாவி அதைச் சிறு பெட்டியாகக் காட்டுவதில்லை; திரைவாசிப்பான்களும் பொதுவாக உள்ளே இருக்கும் உரையை மட்டுமே வாசிக்கின்றன.

அந்த உறுப்பும் எளிதில் நிலைபெறவில்லை. 2011 அக்டோபர் இறுதியில், ஹெச்டிஎம்எல் விவரக்குறிப்பின் தொகுப்பாசிரியர் இயன் ஹிக்சன் அதை நீக்கிவிட்டு ‘டேட்டா’ என்னும் பொதுவான உறுப்பை வைத்தார். எதிர்ப்பு பலமாக எழவே, நவம்பரிலேயே டைம் திரும்பி வந்தது. வரும்போது முன்பைவிட விரிந்து வந்தது. முழுத் தேதி மட்டுமன்றி, ஆண்டு மட்டும், ஆண்டும் மாதமும், ஆண்டு இல்லாத மாதமும் நாளும், வாரம், கால அளவு ஆகியவற்றையும் அதில் இப்போது எழுதலாம்.

டேட்டைம் பண்பில் எதை எப்படி எழுதுவது?

ஒலிபரப்பின் தொடக்கத்துக்கு, தேதி, நேரம், யூடிசி என்னும் உலகப் பொது நேரத்திலிருந்து உள்ள வேறுபாடு ஆகிய மூன்றும் வேண்டும்: 2025-07-06 00:48+01:00. தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே ‘டி’ என்னும் ஆங்கில எழுத்தை இடுவது பரவலான வழக்கம். ஹெச்டிஎம்எல் ஓர் இடைவெளியையும் ஏற்கிறது. தமிழில் 9.15 என்று புள்ளி வைத்து எழுதுவது இயல்பு, அதை உரையில் அப்படியே விடலாம். பண்பில் முக்காற்புள்ளிதான் செல்லும். 24:00 செல்லாது, மறுநாள் 00:00 என்றே எழுத வேண்டும். கிரெகோரிய நாட்காட்டி தவிர வேறெதுவும் செல்லாது என்பதால், ‘ஆடி 1’ என்று பக்கத்தில் எழுதினால் அதற்கு நேரான ஜூலைத் தேதியைப் பண்பில் தர வேண்டும்.

நள்ளிரவுக்குப் பின் வரும் நிகழ்ச்சி எந்த நாளுக்கு உரியது?

அதிகமாகப் பிழை நேரும் இடம் இதுதான். பிபிசி ரேடியோ 4இல் நள்ளிரவு 12.48க்கு வரும் கப்பல்களுக்கான வானிலை அறிக்கையை எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலை 5, சனிக்கிழமை இரவு படுக்கப்போகும்முன் அதைக் கேட்கும் ஒருவருக்கு அது சனிக்கிழமையின் கடைசி நிகழ்ச்சி. சுவர்க் கடிகாரத்தின் கணக்கில் அது ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டன் அப்போது கோடை நேரத்தில், அதாவது யூடிசிக்கு ஒரு மணி முன்னதாக இருப்பதால், யூடிசியில் அது 2025-07-05 23:48+00:00, மறுபடியும் சனிக்கிழமை. ஒரே ஒலிபரப்பு, நேயர் மனத்தில் சனி, கடிகாரத்தில் ஞாயிறு, சேமிப்புத் தரவில் சனி. தரவை யூடிசியில் வைத்திருக்கும் நிரலர் அதன் தேதிப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து நாளாகக் கொண்டால், கோடையில் நேயர் எண்ணத்தோடு ஒத்துவரும், அதனால் யாரும் கவனிக்கமாட்டார்கள். குளிர்காலத்தில் அதே அறிக்கை 00:48+00:00 ஆகிவிடுவதால் திடீரென்று அடுத்த நாள் பக்கத்துக்குத் தாவிவிடும்.

இதற்காகவே ஒலிபரப்புத் துறையில் ‘ஒலிபரப்பு நாள்’ என்று ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்கிறார்கள். அது நள்ளிரவில் தொடங்காமல், பெரும்பாலும் அதிகாலை 5 அல்லது 6 மணிக்குத் தொடங்கி மறுநாள் அதே வேளைவரை ஓடும். ஜப்பானியத் தொலைக்காட்சிகள் இதை எண்ணிலேயே காட்டிவிடுகின்றன: சனிக்கிழமை 25:30 என்று அச்சிட்டால், ஞாயிறு அதிகாலை 1.30 என்று நேயர்கள் புரிந்துகொள்கிறார்கள். அழகான வழி, ஆனால் டேட்டைம் அதை ஏற்காது.

ஆகவே ஒலிபரப்பு நாளைத் தரவுத்தளத்தில் தனிப் புலமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நேரத்திலிருந்து அதைக் கணக்கிட்டுப் பெற முயல வேண்டாம். பக்கத்தில் சனிக்கிழமைத் தலைப்பின்கீழ் நிகழ்ச்சி வரட்டும். உரையில் “சனி நள்ளிரவுக்குப் பின் 12.48 (ஞாயிறு அதிகாலை)” என்று இருக்கட்டும். டேட்டைமில் கடிகாரத் தேதியான ஜூலை 6 இருக்கட்டும். இவற்றில் எதையும் மற்றொன்றோடு ஒத்துப்போகச் செய்வதற்காக மாற்ற வேண்டியதில்லை.

+01:00 என்று எழுதிய பிறகும் ‘யூரோப்/லண்டன்’ போன்ற நேர மண்டலப் பெயர் எதற்கு?

நடந்து முடிந்த ஓர் ஒலிபரப்புக்கு வேறுபாட்டு எண் போதும். இனி நடக்கப்போவதற்கும், வாராவாரம் வருவதற்கும் போதாது. ஞாயிறுதோறும் காலை 10 மணிக்கு வரும் நிகழ்ச்சியை ஜூலையில் யூடிசி 09:00 என்று சேமித்து, அதையே வாராவாரம் திரும்பச் சொன்னால், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் அது 9 மணிக்கு வந்து நிற்கும். உள்ளூர் நேரமும் மண்டலப் பெயரும் சேர்ந்தே சேமிக்கப்பட வேண்டும். ஐகேலண்டரில் தொடர் நிகழ்வுகள் அப்படித்தான் எழுதப்படுகின்றன. உலகெங்கும் கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலத் தரவுத்தளம், ஒவ்வோர் ஊரின் கடிகாரமும் எப்போதெல்லாம் மாற்றப்பட்டது என்பதை அந்தப் பெயர்களின்கீழ்த் தொகுத்து வைத்திருக்கிறது. ஹெச்டிஎம்எல்லின் டைம் உறுப்பில் மண்டலப் பெயருக்கு இடமில்லை. எனவே பெயர் தரவுத்தளத்தில் இருக்கும், பக்கத்தை உருவாக்கும் வேளையில் அன்றைக்குரிய எண் அதிலிருந்து கணக்கிடப்படும்.

கோடை நேரம் இல்லாத நாடுகளுக்கு இந்தக் கவலை இல்லை என்று எண்ண வேண்டாம். இலங்கை 1996 மே மாதம் யூடிசி +5:30இலிருந்து +6:30க்கும், அதே ஆண்டு அக்டோபரில் +6:00க்கும் மாறி, 2006 ஏப்ரலில் மீண்டும் +5:30க்குத் திரும்பியது. இந்திய நேரம் இரவு 9.15க்குத் தொடங்கும் ஒரு சிற்றலை ஒலிபரப்பு, 2005இல் யாழ்ப்பாணத்துக் கடிகாரத்தில் 9.45, 2007இல் 9.15. ‘ஏசியா/கொழும்பு’ என்ற பெயரோடு சேமித்தவருக்கு இது தானாகச் சரியாகும்.

பழைய அட்டவணைகளை எண்மமாக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

‘ரேடியோ டைம்ஸ்’ இதழ் 1923 செப்டம்பரில் தொடங்கியது. அதன் நிகழ்ச்சிப் பட்டியல்களை 2009ஆம் ஆண்டுவரை எண்மமாக்கிப் ‘பிபிசி ஜீனோம்’ என்ற பெயரில் 2014இல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு தொகுப்பைக் கையாளும்போது, குளிர்காலம் என்றால் +00:00, கோடை என்றால் +01:00 என்று எளிய விதி வைத்துக்கொண்டால் தப்பாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941 முதல் 1945வரையான கோடைகளில் பிரிட்டன் யூடிசிக்கு இரண்டு மணி முன்னதாக இருந்தது. 1968 முதல் 1971 அக்டோபர்வரை குளிர்காலத்திலும் கடிகாரத்தைப் பின்தள்ளவில்லை. எனவே 1969 கிறிஸ்துமஸ் மாலை 7 மணி நிகழ்ச்சி 1969-12-25 19:00+01:00 ஆகும். இங்கேயும் மண்டலப் பெயரை நம்புவதே வழி.

இன்னொன்று, அச்சிட்ட பட்டியல் ஒரு திட்டமே. அரசியல் நெருக்கடியோ, நீண்டுவிட்ட விளையாட்டுப் போட்டியோ வந்தால் வானலையில் வந்தது வேறாக இருந்திருக்கும். திட்டமிட்ட நேரத்தையும் உண்மையில் ஒலிபரப்பான நேரத்தையும் ஒரே புலத்தில் போட்டால், பின்னால் வருபவருக்கு எது எது என்று பிரித்தறிய வழியிருக்காது.

நிகழ்ச்சிக்கும் ஒலிபரப்புக்கும் தனித்தனிக் குறியீடு தேவையா?

தேவை. ஒரு நாடகத்தின் மூன்றாம் பகுதி வெள்ளி இரவு வந்து, ஞாயிறு பிற்பகல் மறுஒலிபரப்பாகிறது என்று கொள்வோம். நாடகப் பகுதி ஒன்று, ஒலிபரப்பு இரண்டு. அந்தப் பகுதியின் பக்கத்தில் “தேதி” என்று ஒரே ஒரு புலம் வைத்தவர், ஞாயிற்றுக்கிழமை வந்ததும் வெள்ளியை அழிக்க வேண்டியிருக்கும். பிபிசியின் நிகழ்ச்சித் தரவு மாதிரி இடையில் மேலும் ஓர் அடுக்கை வைக்கிறது: பகுதி, அதன் பதிப்பு, பதிப்பின் ஒலிபரப்பு. முழு வடிவம், சுருக்கிய வடிவம், சைகைமொழி சேர்த்த வடிவம், காட்சி விவரணை சேர்த்த வடிவம் ஆகியவை வெவ்வேறு பதிப்புகள். கால அளவும் வேறுபடலாம். சைகைமொழிப் பதிப்பு எப்போது வரும் என்று தேடும் நேயருக்கு இந்த அடுக்கு இல்லாமல் விடை கிடைக்காது.

பக்கத்தில் உள்ளது என்ன என்று கணினிக்கு உணர்த்துவதற்காகத் தேடுபொறி நிறுவனங்கள் 2011இல் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் சொற்தொகுதியிலும் இந்தப் பிரிவினை உண்டு. பகுதி ஒரு படைப்பு. ஒலிபரப்பு ஒரு நிகழ்வு, ‘பிராட்காஸ்ட்ஈவென்ட்’ என்பது அதன் வகை. தொடக்கம், முடிவு, எந்த அலைவரிசையில், நேரலையா என்பவை அந்த நிகழ்வின் பண்புகள். படைப்பின் வெளியீட்டுத் தேதியில் மறுஒலிபரப்பின் நேரத்தைப் போடுவது பரவலான தவறு.

முடியும் நேரத்தை எழுதுவதா, கால அளவை எழுதுவதா?

கணினிக்கு இரண்டில் ஒன்று போதும், மற்றதைக் கணக்கிட்டுக்கொள்ளும். ஐகேலண்டரில் முடிவு நேரம் நிகழ்வுக்குள் அடங்காது என்பதை நினைவில் வையுங்கள். அரை மணி நிகழ்ச்சிக்கு 19:30 முதல் 20:00 என்றால் இடரில்லை. ஆனால் ஜூலை 4 முதல் 6 வரை நடக்கும் மூன்று நாள் விழாவுக்கு முடிவுத் தேதி ஜூலை 7 என்று எழுத வேண்டும். அந்த 7ஐ எடுத்து மனிதருக்கும் அப்படியே காட்டிவிட்டால் விழாவுக்கு ஒரு நாள் கூடிப்போகும்.

கால அளவைக் கடிகார நேரங்களைக் கழித்துப் பெறவும் கூடாது. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 1 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியும் தொகுதி 5 மணி நேரம் ஓடக்கூடும், தொடங்கியது கடிகாரம் பின்தள்ளப்படுவதற்கு முந்தைய 1 மணியாக இருந்தால். மனிதர் உரையில் கால அளவையே காட்டுவது எனக்கு விருப்பம்: “30 நிமிடம்” என்பது கேட்பவருக்குக் கழித்தல் வேலை வைப்பதில்லை.

“இன்று”, “நாளை” என்று எழுதலாமா?

நேயருக்கு அவை இதமான சொற்கள்தாம். ஆனால் சேமித்துவைத்த நகலாகப் பக்கம் பரிமாறப்படும்போது, நேற்றைய “இன்று” இன்றும் காட்டப்படும். சேவையகம் தேதியை எழுதட்டும். “இன்று” என்ற சொல்லை, டேட்டைம் பண்பைப் படித்து, உலாவியில் ஓடும் நிரல் சேர்க்கட்டும். நிரல் ஓடாவிட்டாலும் தேதி அங்கே இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் நேயருக்கு அவர் ஊர் நேரத்தைக் காட்ட விரும்பினால், நிலையத்தின் நேரத்தை அகற்றிவிடாமல் பக்கத்திலேயே சேர்த்துக் காட்டுங்கள்.

தமிழ்ப் பக்கத்தில் நேர உரையைத் தானியங்கியாக வடிவமைக்கலாமா?

செய்யலாம், ஆனால் வந்ததைப் படித்துப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். 12 மணி நேரக் கடிகாரத்தின் இரு பாதிகளுக்கு முற்பகல், பிற்பகல் என்ற இரண்டே சொற்களை வைக்கும் வடிவமைப்பில், இரவுச் செய்தி “பிற்பகல் 9.15” என்று வரும். தமிழர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதிகாலை, காலை, பிற்பகல், மாலை, இரவு என்று வேளைகளாகப் பிரித்துத் தரும் முறை மென்பொருள் நூலகங்களில் தனி விருப்பத் தேர்வாக இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். நள்ளிரவு 12க்கும் 3க்கும் இடைப்பட்ட நேரத்துக்கு மட்டும் சொல்லை நீங்களே முடிவு செய்வது நல்லது, மேலே சொன்ன சனி–ஞாயிறு குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

தொலைக்காட்சிப் பெட்டியில் தெரியும் அட்டவணையும் இதே முறையில்தான் வருகிறதா?

இல்லை. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பயன்படும் டிவிபி தரத்தில், அட்டவணை ஒளிபரப்பு அலையோடு சேர்ந்தே வருகிறது. தொடக்க நேரம் 40 பிட்களில் யூடிசியில் எழுதப்படுகிறது: முதல் 16 பிட்கள் திருத்திய ஜூலிய நாள் எண் (மாதம், ஆண்டு பாராமல் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் முறை), மீதி 24 பிட்கள் மணி, நிமிடம், நொடி. அந்தத் தரநூலே தரும் எடுத்துக்காட்டின்படி, 1993 அக்டோபர் 13, 12:45:00 என்பது நாள் எண் 49273ஆகவும், அதை அடுத்து 12 45 00 ஆகவும் எழுதப்படும். முடிவு நேரம் கிடையாது, கால அளவு மட்டுமே. உள்ளூர் நேர வேறுபாடு, அடுத்த கடிகார மாற்றம் எப்போது என்னும் தகவலோடு, தனி அட்டவணையாக வருகிறது. பெட்டி இரண்டையும் சேர்த்துத் திரையில் காட்டுகிறது. 16 பிட்களில் அடங்கும் கடைசி நாள் 2038 ஏப்ரல் 22. இன்று விற்கும் பெட்டிகள் சில அதுவரை உழைக்கலாம் என்பதை உற்பத்தியாளர்கள் எண்ணிப் பார்த்தால் நல்லது.

கணினியில் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்வோர் பயன்படுத்தும் எக்ஸ்எம்எல்டிவி வடிவம் வேறு: 20250706004800 +0100 என்று, இடையில் கோடின்றி. கண்ணால் பிழை பார்ப்பது கடினம். ஆனால் அதை மனிதர் படிக்க வேண்டியதும் இல்லை.

வெளியிடும் முன் எவற்றைச் சோதிப்பது?

பிரிட்டன் அட்டவணை என்றால் மூன்று நேரச் சோதனைகள் போதும். 2026 மார்ச் 29 அதிகாலை 1.30 என்ற நேரமே கிடையாது. அதற்கு உங்கள் நிரல் என்ன எழுதுகிறது என்று பாருங்கள். 2026 அக்டோபர் 25 அதிகாலை 1.30 இருமுறை வரும். முதலாவதற்கு +01:00, இரண்டாவதற்கு +00:00 வந்தால் சரி, இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் மண்டலப் பெயர் எங்கோ தொலைந்திருக்கிறது. மூன்றாவதாக, ஜூலையின் ஏதேனும் ஒரு சனி இரவு 12.48ஐயும் ஜனவரியின் ஒரு சனி இரவு 12.48ஐயும் பக்கத்தில் பாருங்கள். இரண்டும் சனிக்கிழமைத் தலைப்பின்கீழ் இருக்க வேண்டும், டேட்டைமில் இரண்டும் ஞாயிற்றுக்கிழமைத் தேதியைக் காட்ட வேண்டும். பிறகு திரையை அணைத்துவிட்டு, திரைவாசிப்பானை அந்தப் பக்கம் முழுவதையும் வாசிக்கவிட்டுக் கேளுங்கள். எங்கேனும் ஆண்டு, கோடு, மாதம், கோடு என்று அது படிக்கத் தொடங்கினால், கணினிக்கான மதிப்பு மனிதருக்கான இடத்தில் கசிந்திருக்கிறது. பெரும்பாலும் ஒரு டைட்டில் பண்பிலோ, அணுக்கத்தன்மைக்கான பெயர்ப் பண்பிலோ அது இருக்கும்.